வேலையிடத்தில் தமிழ் பேசலாமா? வடசென்னையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்து, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நம்மில் பெரும்பாலானோர் சம்பளம், லீவு, நோட்டீஸ் பீரியட் மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுகிறோம். மொழி பற்றி அதில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் பேச்சு ஆங்கிலம் படித்துவிட்டுப் போன நர்ஸ் பிள்ளைகளும், ஹோட்டல் வேலைக்குப் போன தம்பிகளும், கப்பல் ஏறிய ராயபுரத்துப் பையன்களும் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் போன் போட்டுக் கேட்பது இதைத்தான். "அக்கா, சாப்பிட்ற ரூம்லகூட தமிழ் பேசக் கூடாதாம்க்கா. இன்னாக்கா இது?"

பதில் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எங்கே இருந்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த விதிக்கு வேலையோடு சம்பந்தப்பட்ட காரணம் இருக்கிறதா? எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று அதற்கு ஓர் எல்லை இருக்கிறதா? இரண்டும் இருந்தால் முழு மனதோடு கடைப்பிடியுங்கள். இரண்டுமே இல்லையென்றால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

காரணம் உள்ள விதி எப்படி இருக்கும் என்று கப்பல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு கப்பலும் தனக்கென ஒரு வேலை மொழியைத் தீர்மானித்துக் கப்பலின் பதிவேட்டில் எழுதி வைத்தாக வேண்டும். கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் மற்றக் கப்பல்களோடும் கரையோடும் பேசப் பொதுவாக ஆங்கிலம்தான். 1990 ஏப்ரலில் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். கப்பல் ஊழியர்களுக்கும் பயணிகளுக்கும் பொதுவான மொழி இல்லாமல் போனது அந்த விபத்தை இன்னும் மோசமாக்கியது. அப்படிப்பட்ட இடத்தில் "என் தாய்மொழி என் உரிமை" என்று நிற்கக் கூடாது. ஆபரேஷன் தியேட்டர், கிரேன் ஓடும் இடம், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி இருக்கும் சமையலறை எல்லாம் இந்த வகைதான். சூடான பாத்திரத்தோடு பின்னால் வருகிறவர் போடும் சத்தம் அங்கே நிற்கும் எல்லாருக்கும் புரிய வேண்டும்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். ஞாபக மறதி நோய் உள்ள ஒரு பாட்டியைப் படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்கும்போது, இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று தமிழில் பேசிக்கொண்டால் அந்த அம்மாவுக்குப் பயம்தான் வரும். தன் உடம்பைத் தொடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவருடைய உரிமை. இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி.யின் நடத்தை விதிகளிலும், ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசிப் புரிய வைக்கும் திறன் வேண்டும் என்றே இருக்கிறது. நோயாளி முன்னாலும், ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் நேரத்திலும் ஆங்கிலம் மட்டும் என்றால் அது நியாயம். அதில் என்னிடம் மறுபேச்சே கிடையாது.

டீ குடிக்கும் நேரத்தில் பேசுவது வேறு விஷயம். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். மைக்ரோவேவ் பக்கத்துச் சுவரில் செல்லோ டேப் போட்டு ஒட்டிய வெள்ளைத் தாள். சிவப்பு மார்க்கரில் பெரிய எழுத்தில் "இங்கிலீஷ் ஒன்லி", கீழே இரண்டு கோடு. தேதி இல்லை, கையெழுத்து இல்லை, யார் ஒட்டியது என்றும் தெரியவில்லை. அவளும் ஒரு மலையாளிப் பெண்ணும் மட்டும்தான் கண்டிக்கப்பட்டார்கள். தங்களுக்குள் வேறு மொழி பேசிய இன்னும் இருவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக்குப் போக வேண்டாம், மேனேஜருக்கு ஒரு மெயில் போடு என்றேன். மரியாதையாக மூன்றே கேள்விகள்: இது நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான விதியா? இடைவேளைக்கும் பொருந்துமா? எல்லா மொழிக்கும் பொருந்துமா? தாள் போய்விட்டது. பதிலுக்கு, முதியவர்கள் முன்னால் ஆங்கிலம், இடைவேளையில் உங்கள் இஷ்டம் என்று மெயிலிலேயே எழுதிக் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், எழுதும்போது யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இங்கிலாந்தில் இதற்குத் தனிச் சட்டம் இல்லை. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம்தான் கை கொடுக்கும். நாடு, இனப் பூர்வீகம் எல்லாம் அதில் "இனம்" என்பதற்குள் வருவதால், மொழியை வைத்து ஒருவரை மட்டும் குறிவைத்தால் அது இனப் பாகுபாடு ஆகலாம். இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்தது ஒரு போலந்துப் பெண்ணின் வழக்கு. "உன் சொந்த மொழியில் பேசாதே" என்று அவரிடம் சொன்னார்கள், மற்றவர்களிடம் சொல்லவில்லை. அது பாகுபாடுதான் என்று தீர்ப்பானது. 2015-இல் வந்த வழக்கில் ஒரு ரஷ்யப் பெண் தோற்றார். அவர் வேலை செய்தது விலங்குகளை வைத்துச் சோதனை நடக்கும் ஆய்வகத்தில். எதிர்ப்பாளர்கள் வேவு பார்க்க உள்ளே வந்துவிடுவார்களோ என்ற அச்சம் அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருந்தது. அவர் அடிக்கடி போனோடு கழிப்பறைக்குள் போய் ரஷ்ய மொழியில் பேசினார். என்ன பேசுகிறார் என்று புரிய வேண்டும் என நிர்வாகம் கேட்டதற்குப் பாதுகாப்புக் காரணம் இருந்தது என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பாயத்துக்குப் போகும்முன், வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்க உதவும் ஏகாஸ் அமைப்பிடம் சொல்லியாக வேண்டும், காலக்கெடுவும் சில மாதங்கள்தான். தள்ளிப் போடாதீர்கள்.

அமெரிக்காவில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் பொருந்தும். இடைவேளை உட்பட எந்நேரமும் ஆங்கிலம் மட்டும் என்ற விதியை, வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் சமவாய்ப்பு ஆணையம் 1980 முதலே சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. வேலைக்கு அவசியம் என்று காட்ட முடிந்தால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் விதி வைக்கலாம், அதையும் முன்கூட்டியே ஊழியருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆணையத்தின் நிலைப்பாட்டை எல்லா நீதிமன்றமும் ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் ஓர் இறைச்சித் தொழிற்சாலை பற்றிய வழக்கில், ஆங்கிலமும் தெரிந்த ஊழியருக்கு இதனால் என்ன பாதிப்பு என்று 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. பிற்பாடு கலிபோர்னியா மாநிலமே ஊழியருக்குச் சாதகமாகத் தனிச் சட்டம் போட்டது. ஆணையத்திடம் புகார் கொடுக்க 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள்.

மான்ட்ரியல் போனவர்களுக்குக் கதை வேறு. அந்த ஊர் இருக்கும் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வேலை மொழி பிரெஞ்சு. 1977-இல் வந்த சட்டம், 2022-இல் இன்னும் இறுக்கினார்கள். முதலாளி எழுத்தில் கொடுப்பதெல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும், ஆங்கிலம் கட்டாயம் என்று கேட்க வேண்டுமானால் அந்த வேலைக்கு அது ஏன் தேவை என்று அவர் காட்டியாக வேண்டும். சக ஊழியர் இருவர் தமிழில் பேசிக்கொள்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அரசாங்கமே இலவசமாகப் பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறது, போன உடனே சேர்ந்துவிடுங்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்பதற்காக வேலையிடத்தில் எல்லாம் சரியாக நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மொழித்திறனை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஜனவரியில்தான் நிறைவேற்றினார்கள். எது எப்போது நடைமுறைக்கு வருகிறது என்று மனிதவள அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சவூதி போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தில் அரபு வாசகம்தான் செல்லுபடியாகும். இன்னொருவரிடம் கொடுத்துப் படித்துக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கூட வேலை செய்கிறவர்களின் மனசு என்று ஒன்று இருக்கிறது. மிண்ட் தெருக் கடையில் முதலாளியும் மகனும் மார்வாடியில் பேசிச் சிரிக்கும்போது, நம்மைப் பற்றித்தானோ என்று பில் போடும் நம்ம பையனுக்கு வயிறு கலங்கும். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் மூன்று பேர் தமிழில் பேசினால் நாலாவது ஆளுக்கும் அதேதான். அவர் பெயரைத் தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் சொல்லிச் சிரித்தால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். "டேய், அந்த மொட்டை" என்று பட்டப்பெயர் வைத்துப் பேசுவதை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர் யாழ்ப்பாணத்துக்காரராகவோ பாலக்காட்டுக்காரராகவோ இருக்கலாம்.

பொது மொழியில்தான் பேச வேண்டும் என்ற விதி நமக்கே பாதுகாப்பாகும் இடமும் உண்டு. கிச்சன் முழுக்க இந்தியோ பஞ்சாபியோ ஓடுகிற ஓட்டல்களில் நம்ம தம்பிகளுக்கு ஆர்டரும் புரியாது, ஷிப்ட் மாறியதும் தெரியாது. வேலை விஷயத்தை எல்லாருக்கும் தெரிந்த மொழியில் சொல்லுங்கள் என்று அங்கே கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

யாராவது வாயால் தடை சொன்னால் அன்று இரவே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஒட்டிய நோட்டீஸை போட்டோ எடுத்து, கம்பெனி மெயிலில் இல்லாமல் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். யூனியன் இருக்கும் இடமென்றால் முதல் மாதமே சேருங்கள், ஏனென்றால் பிரச்சினை வந்த பிறகு சேருபவரின் பழைய வழக்கைப் பெரும்பாலான யூனியன்கள் எடுத்துக்கொள்வதில்லை.