206 என்று காட்டும் -50: ரேஞ்ச் டைப்பை டீபக்கருக்குப் புரியவைப்பது

அடா என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரலில் வெப்பநிலைக்கு -50 முதல் 60 வரை ரேஞ்ச் டைப் (இரண்டு எல்லைகளுக்குள் உள்ள மதிப்புகளை மட்டும் ஏற்கும் டைப்) வைத்திருந்தோம். எங்கள் குழு பராமரிக்கும் டீபக்கரில் (நிரலின் உள்ளே பார்த்துப் பிழை தேட உதவும் கருவி) அந்த டைப்பைக் கேட்டால் "206 .. 60" என்று வந்தது. மாறியின் மதிப்பு மட்டும் -20 என்று சரியாகவே தெரிந்ததால், எல்லை படிக்கப்படும் இடத்தை நான் இரண்டு நாள் திரும்பியே பார்க்கவில்லை. அந்த டைப்பை இண்டெக்ஸாக வைத்த அரே, கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டதால், காலி என்று வந்தபோதுதான் பிடி கிடைத்தது.

உங்களுக்கும் இப்படி வந்தால், டீபக்கரில் கை வைக்கும் முன் கம்பைலர் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பைனரியில் உள்ள டீபக் தகவலைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் டீபக் டம்ப்பை இன்ஃபோ பகுதிக்கு எடுத்தால் சப்ரேஞ்ச் டைப்பும் அதன் கீழ் எல்லையும் தெரியும். அப்புறம் அப்ரெவ் பகுதியை எடுங்கள். எல்லை எந்த ஃபார்மில் (மதிப்பை எழுதும் வடிவம்) இருக்கிறது என்பது அங்கேதான் இருக்கும். எங்களுடையது டேட்டா1. ஒரே பைட்: 11001110. கூட்டல்-கழித்தல் குறியில்லாமல் படித்தால் 206. குறியோடு படித்தால் 206-இல் 256 போக, -50.

டேட்டா1 என்பது அளவை மட்டும் சொல்லும், குறி உண்டா என்று சொல்லாது. சூழலை வைத்துத் தீர்மானிக்க முடியாத இடத்தில் எஸ்டேட்டா (குறியுள்ள ஃபார்ம்) அல்லது யுடேட்டா (குறியில்லாத ஃபார்ம்) எழுதச் சொல்கிறது, டீபக் தகவல் எழுதப்படும் முறையை வகுக்கும் டுவார்ஃப் தரம். நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே வெளியே போய்விட்ட பைனரிகளை என்ன செய்வது? டீபக்கர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

விடை பேஸ் டைப்பில், அதாவது ரேஞ்ச் டைப்புக்கு அடிப்படையான முழு எண் டைப்பில் இருக்கிறது. அதன் என்கோடிங் சைன்ட் (குறியுள்ளது) என்றால், அதன் அகலத்துக்கு உரிய உச்ச பிட்டைப் பாருங்கள். அது 1 என்றால் அதற்கு மேலுள்ள பிட்டுகள் எல்லாவற்றையும் 1 ஆக்குங்கள். மேல் எல்லைக்கும் இதையே செய்ய வேண்டும். ஜிடிபி என்ற திறந்த மூல டீபக்கரில் ரீட்_சப்ரேஞ்ச்_டைப் என்ற ஃபங்ஷன் செய்வதும் இதுதான். காரணத்தை விளக்கும் கமெண்டும் அங்கேயே உண்டு, ஒரு முறை படித்துவிடுங்கள்.

பேஸ் டைப்பைப் பார்க்காமல் எல்லாவற்றையும் குறியோடு படித்துவிடாதீர்கள். ஒரு பைட் அன்சைன்ட் டைப்பில் 0 முதல் 200 வரை என்றிருந்தால், 200 போய் -56 வந்து நிற்கும்.

டெஸ்டுக்குக் கம்பைலரை நம்ப வேண்டாம், பதிப்பு மாறினால் ஃபார்மும் மாறக்கூடும். ஜிடிபியின் டெஸ்ட்சூட்டில், டுவார்ஃப் தகவலைக் கையால் எழுத உதவும் டுவார்ஃப் அசெம்பிளர் இருக்கிறது. அதில் டேட்டா1 ஃபார்மை நீங்களே எழுதி, -50.. 60, 0 .. 200 இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.