பழைய வால்வு கிற்றார் அம்ப்: திருத்துவதா விற்பதா என்று முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்வு கிற்றார் அம்ப் என்பது ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் (வால்வுகளால்) கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. யாழ்ப்பாணத்தில் ஒருவர் கைக்கு அது வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டு வழியால்தான். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடிய காலத்தில் பெரியப்பாவோ மாமாவோ இசைக்கோஷ்டியில் வாசித்த பெட்டி, வீடு திருத்தும்போது பின்னறையிலிருந்து வெளியே வரும். இல்லாவிட்டால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற உறவினர் வீடு மாறும்போது கப்பலில் போட்டுவிடுவார்.

எப்படி வந்தாலும், வந்த கிழமையே வீட்டில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "உந்தப் பழைய சாமானை வித்துப்போடு" என்பது ஒன்று. "இன்ரநெற்றில உதுக்கு லட்சக்கணக்கில விலை போட்டிருக்கு, திருத்தி வை" என்பது மற்றது. இரண்டு கட்சியும் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்திருக்காது.

வால்வு அம்பில் உண்மையான மதிப்பு மூன்று இடத்தில் இருக்கிறது: மின்சாரம் உள்ளே வரும் பவர் ட்ரான்ஸ்போமர், ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்போமர், பிறகு ஸ்பீக்கர். வால்வு, கொண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்), பியூஸ், வயர் எல்லாம் தேய்ந்து போகும் சாமான்கள், மாற்றவென்றே இருப்பவை. அந்த மூன்றும் உயிரோடு இருந்தால் திருத்துவது பற்றி யோசிக்கலாம். இரண்டு போய்விட்டால் விற்பதே புத்தி என்பது என் கணக்கு. கீழே சொல்லும் தவறுகளில் அரைவாசி, இந்த மூன்றையும் தெரியாமல் கெடுத்துக்கொள்ளும் வழிகள்.

"வேலை செய்யுதோ எண்டு போட்டுப் பாப்பம்"

இதுதான் மிகவும் செலவு வைக்கும் தவறு. பழைய ரேடியோவைப் போட்டுப் பார்ப்பதுபோல நேரே சுவரில் செருகிவிடுவார்கள்.

அம்புக்குள் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலைற்றிக் கொண்டென்சர்களுக்குள் ஈரப்பசையான ஒரு கரைசல் இருக்கிறது. இருபது, முப்பது வருடத்தில் அது காய்ந்துவிடும். பாவிக்காமலே கிடந்தால் உள்ளே காப்பாக இருக்கும் மெல்லிய ஒக்சைட் படலமும் நலிந்துவிடும். குடாநாட்டில் 1990இல் மின்சாரம் நின்று ஆண்டுக்கணக்காக வரவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கடைசியாக ஓடிய பெட்டி என்றால், கொண்டென்சர்கள் மூன்று தசாப்தத்துக்கு மேலாக மின்சாரத்தைக் காணவில்லை. திடீரென்று 300, 400 வோல்ற் ஏறினால் அவை ஷோர்ட் ஆகலாம். அந்த ஷோர்ட்டின் பாரத்தைச் சுமப்பது பவர் ட்ரான்ஸ்போமர். முன்பு யாரோ பியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்றி வைத்திருந்தால் ட்ரான்ஸ்போமர் எரிந்தே போகும். திருத்தக்கூடிய பெட்டி ஒரே நிமிடத்தில் உதிரிப்பாகமாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் இன்னொரு பொறி உண்டு. நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடா, அமெரிக்காவுக்கென்று செய்தது 120 வோல்ற்றுக்கு உரியது. ஜப்பானுக்குரியது 100. பிளக்கை வெட்டி நமது பிளக்கைப் பூட்டினால் வோல்ற்றேஜ் மாறிவிடாது! பின்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். பிரித்தானியாவில் செய்த பல அம்ப்களில் வோல்ற்றேஜைத் தெரிவுசெய்யும் சுவிச் ஒன்று பின்னால் இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்றும் பாருங்கள். 120க்குரியது என்றால் தகுந்த ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதையும் சேர்த்துத்தான் திருத்தும் செலவைக் கணக்கிட வேண்டும்.

பழைய ஆட்கள் செய்வது இப்படி: 60 அல்லது 100 வாற் பழைய இழை பல்ப் ஒன்றை மின்வழியில் தொடராகப் பூட்டி, அதன் வழியாகத்தான் அம்புக்கு முதல் மின்சாரம் கொடுப்பார்கள். பல்ப் ஒருமுறை பிரகாசித்து மங்கினால் நல்ல சகுனம். முழுப் பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷோர்ட். உடனே நிறுத்திவிட வேண்டியதுதான். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. இதையும் தொழில் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், அதுவும் ஸ்பீக்கரைப் பூட்டிய பிறகு. வால்வு அம்பை ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போகும். ட்ரான்சிஸ்டர் அம்பில் பழகிய பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

எர்த் வயரை வெட்டுவது

இது பணத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது.

அம்பைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிச் விழுகிறது. அல்லது ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல். யாராவது வந்து பிளக்கைக் கழற்றி எர்த் வயரை வெட்டிவிடுவார். ட்ரிப் விழாது, சில வேளை இரைச்சலும் குறையும், எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் ட்ரிப் விழுந்ததே எங்கோ மின்சாரம் அம்பின் உலோக அடித்தகட்டுக்குக் கசிகிறது என்று சொல்லத்தான். கிற்றாரின் கம்பிகள் அந்தத் தகட்டோடு தொடர்புள்ளவை. கையில் கிற்றார், உதட்டருகே வேறொரு அம்பில் பூட்டிய மைக். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

அறுபதுகளின் அமெரிக்கப் பெட்டிகள் பலவற்றில் தொடக்கத்திலேயே எர்த் இல்லை, இரண்டு வயர்தான். மின்வழிக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு கொண்டென்சரும் இருக்கும். அது பழுதானால் தகட்டில் நேரடியாக மின்சாரம். விற்பதானாலும் வைத்திருப்பதானாலும் மூன்று வயர் போட்டு அந்தக் கொண்டென்சரைக் கழற்றுவது முதல் வேலை. "அசல் தன்மை போய்விடும்" என்று இதில் வாதாடுபவரின் பேச்சைக் கேட்கவேண்டாம். வீட்டு எர்த்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் நமது சுண்ணக்கல் நிலத்தில் எர்த் கம்பி பெயருக்கு மட்டும் நிற்கும் வீடுகள் இருக்கின்றன.

யாரிடம் கொடுப்பது என்று பார்க்காமல் கொடுப்பது

டிவி, போன் திருத்துவதில் கெட்டிக்காரராக இருக்கும் பையன் வால்வையே கண்டிராதவராக இருக்கலாம். அது அவருடைய குற்றமில்லை. ஆனால் வால்வு அம்புக்குள் 300 முதல் 500 வோல்ற் வரை நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொண்டென்சர்களில் தங்கியிருக்கும். ஆகவே கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கொண்டென்சரில் நிற்கும் மின்சாரத்தை எப்படி இறக்குவீர்கள்? பவர் வால்வின் பயஸ் (வாசிக்காமல் சும்மா நிற்கும்போது வால்வில் ஓடும் மின்சாரத்தின் அளவை வைக்கும் அமைப்பு) எப்படிப் பார்ப்பீர்கள்? முதல் கேள்விக்கு "ரெசிஸ்டர் ஒன்றால் இறக்கி, மீற்றரால் பார்த்து" என்று பதில் வந்தால் தொடர்ந்து கதைக்கலாம். "ஸ்குரூட்ரைவரால ஒரு தட்டு" என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வால்வு ரேடியோக் காலத்தில் தொழில் பழகிய வயதான ஐயா ஒருவர் அயலில் இன்னும் இருந்தால் அவரைத் தேடிப் போவது நல்லது. கண் மங்கியிருந்தாலும் அவர் பக்கத்தில் இருந்து சொல்ல, இளையவர் ஈயம் பற்றவைக்கலாம்.

நீங்களே பாதுகாப்பாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அம்ப் மின்சாரத்தில் இல்லாதபோது ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது.

முதல் வேலையாக வால்வு வாங்குவது

"வால்வு அம்ப் வேலை செய்யவில்லை என்றால் வால்வு போயிருக்கும்" என்ற எண்ணம் இயல்பானது. பல நேரம் பிழையானது. முன்பகுதியில் இருக்கும் சின்ன வால்வுகள், அதாவது ஈசிசி83 (அமெரிக்கர் இதையே 12ஏஎக்ஸ்7 என்பார்கள்), பல ஆயிரம் மணிநேரம் உழைக்கும். ஈஎல்34, ஈஎல்84, 6வி6 போன்ற பவர் வால்வுகள்தான் விரைவாகத் தேயும். பாசையூர், குருநகர் பக்கம் கடற்காற்றில் கிடந்த பெட்டி என்றால், வால்வு நன்றாக இருக்க, அது குந்தியிருக்கும் சொக்கற் துருப்பிடித்திருக்கும். தொடுப்பைச் சுத்தம் செய்தாலே போதுமான வேலைக்கு, வெளிநாட்டிலிருந்து வால்வு வரவழைத்து, தபாலுக்கும் சுங்கத்துக்கும் காசு கட்டுவது வீண்.

வால்வைப் பார்த்தே சிலவற்றைச் சொல்லலாம். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் வெற்றிடம் இருக்கிறது. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு முடிந்தது. ஓடும்போது நடுவில் செம்மஞ்சளாக ஒளிர்வது இயல்பு. கண்ணாடிக்குள் நீல ஒளி தெரிந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவந்து பழுத்தால் உடனே நிறுத்துங்கள். வால்வு மட்டுமல்ல, அவுட்புட் ட்ரான்ஸ்போமரும் போகும் பாதை அது.

இரைச்சலுக்கும் பெரும்பாலும் கொண்டென்சர்தான் காரணம். 400, 450 வோல்ற் எலெக்ட்ரோலைற்றிக் கொண்டென்சர்கள் இன்றைய பவர் சப்ளைகளிலும் பாவிக்கப்படுபவை. ஆகவே இங்கே இல்லாவிட்டாலும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடலாம். புதிதாக வாங்குங்கள், பழைய போர்டிலிருந்து கழற்றியது வேண்டாம்.

ட்ரான்ஸ்போமரை மோட்டார் சுற்றும் கடையில் கொடுப்பது

கிணறும் தண்ணீர் மோட்டாரும் உள்ள ஊர் என்பதால் கொயில் சுற்றுவதில் நமக்குப் பெயர்போன கைகள் இருக்கின்றன. பவர் ட்ரான்ஸ்போமரை அவர்களில் அனுபவமுள்ள ஒருவர் சுற்றித் தந்தால், காப்புத்தாள் சரியாக வைத்தால், நன்றாகவே ஓடும். அவுட்புட் ட்ரான்ஸ்போமர் வேறு கதை. அதில் முதற்சுற்றையும் இரண்டாம் சுற்றையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றியிருப்பார்கள். அந்த அடுக்கில்தான் அம்பின் குரல் இருக்கிறது. சுற்று எண்ணிக்கையை மட்டும் எண்ணி, ஒரே கட்டாகச் சுற்றினால் சத்தம் வரும், மேல்சுரங்கள் மந்தமாகிவிடும். அது போயிருந்தால் அந்த வகைக்கென்று செய்த புதியதை வெளியிலிருந்து எடுக்க வேண்டும். அந்த விலையைக் கேட்டபிறகு விற்பதா என்ற கேள்விக்கு விடை தானாக வரும்.

மினுக்கி விற்பது

விற்பதென்று முடிவானால் அடுத்த ஆசை, பெட்டியைப் புதிதாக்குவது. கறுப்பு ரெக்சினை உரித்துப் புது ரெக்சின் ஒட்டுவார்கள், முன்துணியை மாற்றுவார்கள், குமிழ்களை மாற்றுவார்கள், ஸ்பீக்கரின் கிழிந்த கடதாசியைக் கழற்றிப் புதிது போடுவார்கள். சேகரிப்பவர் இதற்குக் கூடக் காசு தரமாட்டார், குறைப்பார். ஈரத்துணியால் தூசி துடைத்தால் போதும்.

கழற்றிய எதையும் எறியவேண்டாம். முல்லார்ட் என்று எழுதிய பழைய வால்வு உயிரோடு இருந்தால் அதைத் தனியாகத் தேடி வாங்குபவர்கள் உண்டு. உள்ளே அடித்திருக்கும் எண்களையும் சுரண்டவேண்டாம். அமெரிக்கப் பெட்டி ஒன்றின் வொலியூம் பொட்டில் (குமிழுக்குப் பின்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தில்) 1376612 என்று இருந்தால், 137 என்பது செய்த கம்பனி, 66 ஆண்டு, 12 கிழமை. 1966ஆம் ஆண்டுப் பெட்டி என்று வாய்ச்சொல்லை விட அது உறுதியாகச் சொல்லும். பெட்டியில் பெரிய பெயர் ஒட்டியிருப்பதாலேயே உள்ளேயும் அதுதான் என்று நம்பவும் வேண்டாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கைக்குக் கிடைத்த பாகத்தைப் போட்டு ஓட்டிய பெட்டியாக இருக்கலாம், உள்ளூரில் ரேடியோத் தொழிலாளர் ஒருவர் கட்டியதாகவும் இருக்கலாம். அப்படியானதை விற்றால் காசு வராது. வைத்து வாசித்தால் நல்ல பொருள்.

கேட்கும் விலையை விலை என்று நினைப்பது

இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை. விற்று முடிந்தவை என்ன விலைக்குப் போயின என்று தேடிப் பாருங்கள். பிறகு பாரத்தை நினையுங்கள். வொக்ஸ் ஏசி30 போன்ற இரட்டை ஸ்பீக்கர் பெட்டி 30 கிலோ வரும். லண்டன் விலைக்கு லண்டனில்தான் விற்கலாம். அங்கே போய்ச்சேரும் செலவு உங்களுடையது. கொழும்பில் மேடைக்கு வாசிப்பவர்களிடமும், கோயில் திருவிழாவுக்கு வந்து நிற்கும் புலம்பெயர்ந்தவர்களிடமும் கேட்டு, இங்கே கிடைக்கக்கூடிய தொகையை எடுங்கள். திருத்தாமல் என்ன வரும், திருத்தினால் என்ன வரும் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் திருத்தும் செலவை விடக் குறைவென்றால், பாதுகாப்பு வேலையை மட்டும் செய்து அப்படியே விற்றுவிடலாம்.

வைத்திருக்க நினைப்பவர்களும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எங்கே வாசிப்பீர்கள்? 50 வாற் வால்வு அம்ப் இனிக்கத் தொடங்கும் சத்தத்தில் அடுத்த வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். 5, 15 வாற் பெட்டி வீட்டுக்குப் போதும். பெரியதை விற்றுச் சிறியது வாங்குவதும் ஒரு முடிவுதான்.

விற்பவர்கள் அனுப்பும் முன் வால்வுகளைக் கழற்றி, எது எந்தச் சொக்கற்றில் இருந்தது என்று எழுதி, பஞ்சு வைத்துத் தனிப்பெட்டியில் போடுங்கள். எத்தனை வோல்ற்றுக்குரியது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எதைச் சோதிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி, பின்பலகையின் உட்புறத்தில் ஒட்டுங்கள். மின்வயரின் முனையிலும் வோல்ற்றேஜை எழுதித் தொங்கவிடுங்கள். வாங்குபவரும் முதல் வேலையாகச் சுவரில்தான் செருகப் பார்ப்பார்.