பால்கனி ஸ்லைடிங் கதவு திறக்கும் பக்கத்தை மாற்றும் முறை

கூடத்திலிருந்து பால்கனிக்குப் போகும் ஸ்லைடிங் கதவு இடப்பக்கம் திறக்கிறது, ஆனால் கட்டிலையோ துணி துவைக்கும் இயந்திரத்தையோ அந்த இடத்தைத் தவிர வேறெங்கும் வைக்க முடியவில்லை என்ற நிலை அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி ஏற்படுகிறது. அதற்காகக் கதவு முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்று எண்ணிவிட வேண்டாம். பல வீடுகளில் இப்போதிருக்கும் ஷட்டர்களை (கண்ணாடி பதித்த கதவுப் பகுதிகளை) கொண்டே திறக்கும் பக்கத்தை மாற்றிவிடலாம். ஆனால் எந்தத் திருகையும் கழற்றுவதற்கு முன் உங்கள் கதவின் அமைப்பை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இரண்டு ஷட்டர்களில் எது நகர்கிறது என்று பாருங்கள். நகராத ஷட்டருக்கும் அடியில் ரோலர் என்னும் சிறு சக்கரம் இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. நம் ஊரில் செய்யப்படும் அலுமினிய, யூ.பி.வி.சி. (கெட்டியான பிளாஸ்டிக்) கதவுகள் பலவற்றில் இரண்டு ஷட்டர்களுமே ரோலர் பொருத்தியே செய்யப்படுகின்றன; ஒன்றை மட்டும் திருகாலோ சிறு அலுமினியத் துண்டாலோ சிலிக்கானாலோ அசையாமல் நிறுத்தியிருப்பார்கள். ஷட்டரின் பக்கச் சட்டத்தில், தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒரு துளை இருந்தால், அது பெரும்பாலும் ரோலரை ஏற்றி இறக்கும் திருகுக்கானது. அப்படியானால் தடுத்திருக்கும் துண்டைக் கழற்றி, சிலிக்கானைக் கூரிய பிளேடால் அறுத்துவிட்டால் அந்த ஷட்டர் நகரும், பக்கம் மாறிவிடும்.

இந்த எளிய வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதை வேலை முடிந்த பிறகே கவனிக்கிறார்கள். நகரும் ஷட்டர் பெரும்பாலும் உள் டிராக்கிலும் (ஷட்டர் ஓடும் தடம்), நிலையானது வெளி டிராக்கிலும் இருக்கும். வெளி டிராக்கில் இருப்பதைத் திறக்கும்போது அது உள் ஷட்டரின் பின்னால் போய் நிற்க வேண்டும். அதன் உட்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கைப்பிடி பொருத்தியிருந்தால், அது உள் ஷட்டரின் ஓரத்தில் முட்டும், கதவு முழுவதும் திறக்காது. ஆகவே அந்த ஷட்டருக்குச் சட்டத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் கைப்பிடியும் பூட்டும்தான் வாங்க வேண்டும்.

நிலையான பக்கத்தில் ஷட்டரே இல்லாமல் கண்ணாடி நேராகச் சுவரோடு பொருத்திய சட்டகத்தில் பதிக்கப்பட்டிருந்தால், ஷட்டரை மாற்றும் எந்த வழியும் உதவாது. சட்டகத்தையே மாற்ற வேண்டும். சட்டகத்தைக் கழற்றி உள்வெளியாகத் திருப்பிப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழைநீர் வடியும் துளைகள் கீழ் டிராக்கின் வெளிப்புறத்தில்தான் இருக்கின்றன. திருப்பினால் ஐப்பசி மழையில் தண்ணீர் கூடத்துக்குள் வடியும்.

ரோலர் இல்லாத ஷட்டர் வெளியே நிலையாக நிற்க, உள் ஷட்டர் மட்டும் நகரும் கதவில் வேலை சற்றுப் பெரியது. இரண்டு ஷட்டர்களையும் கழற்றி இடம் மாற்ற வேண்டும், அதிலும் அப்படியே தூக்கிப் போட முடியாது. ஷட்டர்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இன்டர்லாக் என்னும் கொக்கி போன்ற விளிம்பு இருக்கிறது. காற்றையும் சாரலையும் தடுத்து, கதவு ஆடாமல் பிடித்திருப்பது அதுதான். உள் ஷட்டரின் கொக்கி வெளியே பார்க்கும், வெளி ஷட்டரின் கொக்கி உள்ளே பார்க்கும். ஓர் அட்டையை எடுத்து, அதன் ஒரு விளிம்பில் கொக்கியை வரைந்து திருப்பிப் பாருங்கள். முன்பின்னாகத் திருப்பினால் கொக்கி எதிர்ப் பக்கத்துக்கு வரும், ஆனால் தவறான திசையைப் பார்க்கும்; கைப்பிடியும் பால்கனிப் பக்கம் போய்விடும். உட்புறம் உள்ளேயே இருக்கும்படி தலைகீழாகச் சுழற்றினால் மட்டுமே கொக்கியும் கைப்பிடியும் சரியாக அமையும்.

ஆகவே இரண்டு ஷட்டர்களையும் தலைகீழாக்கிப் பக்கம் மாற்ற வேண்டும். மேலே போய்விட்ட ரோலர்களைக் கழற்றி, இப்போது கீழே வந்திருக்கும் சட்டத்தில் பொருத்த வேண்டும். மேல், கீழ்ச் சட்டங்கள் இரண்டும் ஒரே வடிவத்தில் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய ஷட்டரின் மூலைகள் திருகால் இணைக்கப்பட்டிருந்தால், அனுபவமுள்ள தொழிலாளி அதைப் பிரித்துப் பக்கச் சட்டங்களை மாற்றிக் கோத்தும் தருவார். யூ.பி.வி.சி. ஷட்டரின் மூலைகள் உருக்கி ஒட்டப்பட்டவை, பிரிக்க முடியாது.

கழற்றும்போது எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும், 2.5 கிலோ எடை உடையது. 1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள 5 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 26 கிலோ. இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் 52 கிலோ. இரண்டு பேர் இல்லாமல் தொடங்கவே கூடாது. முதலில் கொசுவலை ஷட்டரை எடுத்துவிடுங்கள். மேல் டிராக்கினுள், கதவு எழும்பாமல் தடுக்கும் கட்டை இருந்தால் அதைக் கழற்றுங்கள். ரோலர் திருகைத் தளர்த்தி ஷட்டரை இறக்கி, பிறகு நேராக மேலே தூக்கி, அடிப்பகுதியை உங்கள் பக்கம் இழுத்தால் அது வெளியே வந்துவிடும். டஃபன்டு (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடிக்கு முகத்தில் வலிமை அதிகம், விளிம்பில் குறைவு. ஆகவே ஷட்டரைத் தரையில் மூலை ஊன்றி நிறுத்தாமல், தடித்த கம்பளத்தின் மேல் முழு நீளமும் படியுமாறு வையுங்கள்.

தலைகீழாக்கிய பின் கவனிக்க வேண்டியது கண்ணாடியின் அடியிலுள்ள தாங்கு கட்டைகள். கண்ணாடியின் எடை இரு ஓரங்களுக்கும் அருகிலுள்ள அந்தச் சிறு பிளாஸ்டிக் கட்டைகளின் மேல்தான் நிற்க வேண்டும். இவை புதிய அடிப்பக்கத்தில் இல்லையென்றால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றி, கட்டைகளை வைத்தே ஆக வேண்டும்; விட்டுவிட்டால் கண்ணாடி நாளடைவில் இறங்கும், ஷட்டர் கோணலாகும். ஷட்டரின் அடிச்சட்டத்தில் நீர் வடியும் துளை இருந்தது என்றால், அதுவும் புதிய அடிப்பக்கத்தில் தேவை.

பூட்டு வேலைக்கு அளவு டேப் வேண்டும். 2.1 மீட்டர் ஷட்டரில் கைப்பிடி தரையிலிருந்து 1 மீட்டரில் இருந்தது என்றால், தலைகீழானதும் அது 1.1 மீட்டருக்கு ஏறிவிடும். பூட்டின் கொக்கியும் தலைகீழாக நிற்கும் என்பதால், பூட்டை மட்டும் கழற்றித் திருப்பிப் பொருத்துங்கள். அது மாட்டும் தகட்டை, கதவை மூடிப் பார்த்து அடையாளமிட்ட பிறகே எதிர்ச் சட்டகத்தில் திருகுங்கள். பழைய துளைகளைச் சிலிக்கானால் அடைத்துவிடலாம்.

ரோலர் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருகி, ஷட்டரின் ஓரமும் சட்டகமும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். ஓரத்துச் சாரல் தடுக்கும் வுல் பைல் என்னும் தூரிகை போன்ற பட்டை நைந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. பிறகு கீழ் டிராக்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது வெளிப்புறத் துளைகள் வழியே முழுதாக வடிகிறதா என்று பாருங்கள். கழற்றி வைத்த தடுப்புக் கட்டையை மறக்காமல் மேல் டிராக்கில் திரும்பப் பொருத்துங்கள். அது இல்லையென்றால், பூட்டிய கதவையும் வெளியிலிருந்து தூக்கிக் கழற்றிவிட முடியும்.