ஏரிக்கரைக் கம்பத்தில் ஒரு ஃபைபர் பெட்டி: முதல்முறை பொருத்துபவர்களுக்கு

ஏரி மதகில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார்கள், கரையில் இரண்டு கேமரா, சென்சார்கள் லோராவான் என்ற ரேடியோ முறையில் அனுப்புவதை வாங்கிச் சேர்க்கும் ஒரு கேட்வே. இவை எல்லாவற்றையும் ஃபைபரில் இணைக்க, கம்பத்தில் ஒரு பெட்டி. சென்னைப் புறநகரில் நான் அடிக்கடி செய்யும் வேலை இது. புதிதாக இதில் இறங்குபவர்கள் நெட்வொர்க் ஸ்விட்ச், கேட்வே எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். பெட்டியைக் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில் வாங்குகிறார்கள். அதை மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டியை முதலில் தீர்மானியுங்கள்.

படி 1: இடமும் உயரமும்

2015 டிசம்பரில் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பழைய சுவர்களில் கறை இன்னும் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் குறைந்தது அரை மீட்டர் மேலே பெட்டியின் அடிப்பாகம் வரட்டும். ஆனால் ஏணி வைத்து நின்று இரண்டு கையாலும் வேலை பார்க்க முடிகிற உயரமாக இருக்க வேண்டும். கதவு மேற்குப் பார்த்து இருக்கவே கூடாது. காரணம் மூன்றாம் படியில்.

படி 2: பெட்டி

தூசியையும் நீரையும் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஐபி எண். ஐபி 65 என்றால் தூசி புகாது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். ஐபி 66 இன்னும் பலமான பீய்ச்சலுக்கு. இந்த இரண்டில் ஒன்று போதும். கடலோரம் என்றால் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி வேண்டாம். பாலிகார்பனேட் அல்லது 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். நம் வேலைக்கு 600 மி.மீ. உயரம், 400 அகலம், 250 ஆழம் சரியாக இருக்கும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல்.

படி 3: வெப்பக் கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமல் மேலே போகாதீர்கள்.

பெட்டிக்குள் உண்டாகும் வெப்பம் எவ்வளவு? ஸ்விட்ச் 8 வாட், கேட்வே 5, பவர் சப்ளையில் வீணாவது 6 அல்லது 7. மொத்தம் 20 வாட் என்று வையுங்கள். கேமராவுக்கு பிஓஇ முறையில், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே போகும் மின்சாரத்தை இதில் சேர்க்க வேண்டாம். அது வெளியே கேமராவில்தான் சூடாகிறது.

அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் பெட்டியின் பரப்பு சுமார் 0.9 சதுர மீட்டர். இரும்புத் தகடு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 5.5 வாட் வெளியே விடும். ஆக டிகிரிக்கு 5 வாட். 20 வாட்டுக்கு உள்ளே ஏறுவது வெறும் 4 டிகிரி. பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது வெயிலைப் பாருங்கள். நேராக விழும் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வரை வரும். கதவின் பரப்பு 0.24 சதுர மீட்டர். மேற்கு நோக்கிய கதவில், மாலை மூன்றரை மணிக்கு, 150 வாட்டுக்குக் குறையாமல் விழும். கொஞ்சம் திரும்பிப் போய்விடும். மிச்சமும் கருவிகள் தரும் சூட்டைவிடப் பல மடங்கு. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது உள்ளே 60 தொடுவது இதனால்தான்.

ஆகவே முதல் செலவு ஃபேன் அல்ல, வெயில் மறைப்பு. மேலேயும் வெயில் படும் பக்கங்களிலும் ஓர் அலுமினியத் தகடு, பெட்டியிலிருந்து 25 மி.மீ. தள்ளி. இடையில் காற்று கீழிருந்து மேலே ஓட வேண்டும்; ஒட்டி வைத்தால் பயனில்லை. ஃபேன் என்றால் ஃபில்டர், ஃபில்டர் என்றால் மாதாமாதம் சுத்தம், கூடவே இரண்டு பெரிய துளைகள். 20 வாட் பெட்டிக்கு அது தேவையே இல்லை.

கருவிகளின் வெப்ப வரம்பையும் படியுங்கள். பலர் மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்கும் இண்டஸ்ட்ரியல் ஸ்விட்சை வாங்கிவிட்டு, அதில் சாதாரண எஸ்எஃப்பி (ஃபைபரை ஸ்விட்சில் இணைக்கும் சிறு மாட்யூல்) மாட்டுகிறார்கள். அந்த எஸ்எஃப்பியின் மேலோடு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஓடும்போது அது சூழலைவிடச் சூடாகத்தான் இருக்கும். எஸ்எஃப்பியும் 85 டிகிரி ரகமாக இருக்கட்டும்.

படி 4: துளைகள்

எல்லாத் துளையும் அடிப்பக்கத்தில். மேலே ஒன்றுகூட வேண்டாம், ஆன்டெனாவுக்குக்கூட. அதன் கேபிளும் கீழே வந்துதான் நுழைய வேண்டும். ஒவ்வொரு கேபிளும், அது நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்டுக்கு ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கிளாண்டின் ரப்பர் கேபிளின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். ஒரே கிளாண்டில் இரண்டு கேபிளைச் செருகினால் நடுவில் இடுக்கு நிற்கும். இரும்புப் பெட்டியில் துளை போட்டதும் அந்த விளிம்பில் ஜிங்க் ஸ்ப்ரே அடியுங்கள்.

நான் பொருத்திய ஒரு பெட்டிக்குள், ஐப்பசி மழை கழித்துத் திறந்தபோது, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஐபி 66 பெட்டி. கதவைச் சுற்றியுள்ள கேஸ்கெட் ரப்பரில் ஒரு கீறல் இல்லை. கிளாண்டுகள் இறுக்கமாக இருந்தன. சப்ளை எர்த்திங் பட்டை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. வழி பிறகுதான் புரிந்தது: தரைக்கடியிலிருந்து வந்த பைப்பின் வாயை நான் அடைக்கவில்லை.

நடப்பது இதுதான். பகலில் 60 டிகிரியில் கொதித்த பெட்டியின் மேல் திடீர் மழை விழுகிறது. உள்காற்று 30 டிகிரிக்கு இறங்கினால் அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். முழுக்க மூடிய பெட்டியில் அது 90 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கப் போதுமான உறிஞ்சல். எந்த இடுக்கு கிடைத்தாலும் ஈரக் காற்றும் நீரும் அதன் வழியே உள்ளே வரும்.

இதற்கு இரண்டு வேலை. பைப் வாயை டக்ட் சீலால் அடையுங்கள். அடித்தட்டில் மெம்பரேன் வென்ட் பிளக் ஒன்று மாட்டுங்கள். காற்று போய்வரும், தண்ணீர் வராது. விலை சில நூறு ரூபாய்தான். பல்லியும் எறும்பும் நுழையாமல் இருக்க, பயன்படாத துளைகளுக்கு பிளாங்க் பிளக் போடுங்கள். எம்சிபி (மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) முனைகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும் பல்லியை இந்தத் தொழிலில் எல்லோருமே பார்த்திருப்பார்கள்.

படி 5: எர்த்திங்கும் இடியும்

230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. எம்சிபிக்குப் பிறகு டைப் 2 எஸ்பிடி (திடீர் மின்னெழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் கருவி). அதன் இணைப்பு ஒயர்களின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள். எர்த் 5 ஓமுக்குக் கீழே. பெட்டியின் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே பின்னல் ஒயர். கேமராவுக்குப் போகும் ஈதர்நெட்டுக்குத் தனி சர்ஜ் புரொடெக்டர்.

“ஃபைபரில் இடி வராதே” என்பார்கள். கண்ணாடி இழையில் வராது. ஆனால் ஆர்மர்டு கேபிளின் இரும்புத் தகட்டில் வரும். பெட்டிக்குள் வந்ததும் அந்தத் தகட்டை எர்த் பாருடன் இணைத்தே ஆக வேண்டும்.

படி 6: ஃபைபர்

கம்பத்தில் 10 மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். என்றாவது வெட்டுப்பட்டால் அதுதான் கைகொடுக்கும். உள்ளே மேலுறையை உரித்து, ஜெல்லை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு மீட்டருக்கு மேல் இழையை ஸ்ப்ளைஸ் ட்ரேயில் (இழைகளை ஒட்டும் இணைப்பான ஸ்ப்ளைஸை வைக்கும் தட்டு) சுற்றுங்கள். வளைவின் ஆரம் 30 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். இழைகளின் வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று போகும். ஒட்டியபின் ஒவ்வொரு ஸ்ப்ளைஸின் இழப்பும் 0.1 டெசிபலுக்குள் வரவில்லை என்றால் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

வெட்டிய இழைத் துண்டுகளை உடனே டேப்பில் ஒட்டி டப்பாவில் போடுங்கள். தோலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குப் புலப்படாது.

பச்சை எஸ்சி கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வானது. அதை நீலக் கனெக்டரோடு சேர்த்தால் இரண்டு முகமும் கெடும். ஒரே இழையில் ஓடும் பைடை எஸ்எஃப்பி என்றால் ஒரு முனையில் 1310 அனுப்புவது, மறுமுனையில் 1550 அனுப்புவது என்று ஜோடியாக வாங்குங்கள்.

எதிர்பார்க்கும் இழப்பை முன்பே எழுதி வையுங்கள். 1310இல் 4 கி.மீ.க்கு 1.4 டெசிபல், நான்கு ஸ்ப்ளைஸுக்கு 0.4, இரண்டு கனெக்டருக்கு 1. மொத்தம் 2.8. பவர் மீட்டரில் அளந்த இழப்பு 5 டெசிபல் என்று வந்தால் முதலில் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் அழுக்குதான்.

படி 7: பேட்டரி

சாதாரண விஆர்எல்ஏ (மூடிய லெட் ஆசிட்) பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதி ஆயுளை இழக்கும். 5 ஆண்டு பேட்டரி 45 டிகிரியில் ஒன்றேகால் ஆண்டு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள், பெட்டியின் அடிப்பகுதியில் வையுங்கள்.

படி 8: மூடும் முன்

கேட்வே 865–868 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறதா என்று பாருங்கள், இந்தியாவுக்கு அதுதான். ஒயரிங் வரைபடத்தை பிளாஸ்டிக் உறையில் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒரு காகிதத் துண்டை கேஸ்கெட்டில் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடம் அழுந்தவில்லை, கீலைச் சரிசெய்யுங்கள். இருட்டியபின் உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டுப் பூட்டி, சுற்றி வந்து பாருங்கள். ஒளி கசியும் இடத்தில் தண்ணீரும் வரும்.

உள்ளே ஒரு வெப்ப, ஈரப்பத சென்சாரை வைத்து அதே கேட்வேக்கு அனுப்பச் செய்யுங்கள். முதல் வாரம் தினமும் மாலை நான்கு மணி அளவைப் பாருங்கள். 55 டிகிரியைத் தாண்டினால் மறைப்புத் தகட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து, மறுபடி ஒரு வாரம் பாருங்கள்.