ஆட்டுத்தோல் இழுத்துக் கட்ட, கழற்றி எடுத்துப் போகக்கூடிய சட்டம்: நீங்களே செய்யலாம்

தோலைத் தரையில் விரித்து முளையடித்துக் காயவைப்பதில் மூன்று தொல்லைகள். அடிப்பக்கம் காற்றே படாது, மண் ஒட்டும், எறும்பு ஏறும். சட்டத்தில் கட்டினால் இரண்டு பக்கமும் ஒரே சீராகக் காயும், நின்றபடியே சதை சுரண்டலாம், மழை வந்தால் அப்படியே தூக்கித் திண்ணையில் வைக்கலாம். தோல்பாவைக்கு ஒளி ஊடுருவும்படி மெல்லிசாக வேண்டுமென்றால் சட்டத்தில் வேலை எளிது.

தோலை நனைப்பது, சுண்ணாம்பு போடுவது, மயிர் நீக்குவது எல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு சட்டத்துக்கு மட்டும் வருகிறேன். நடுத்தர ஆட்டுத்தோல் கழுத்திலிருந்து வால் வரை 80 முதல் 90 செ.மீ., குறுக்கே 60 முதல் 70 செ.மீ. இருக்கும். கீழே உள்ள அளவுகள் அதற்கானவை.

அளவு எப்படி வருகிறது

தோலுக்கும் சட்டத்துக்கும் இடையே நாலு பக்கமும் 10 செ.மீ. வெற்றிடம் வேண்டும். ஈரத்தோல் இழுக்க இழுக்க நீளும், நீண்ட பிறகும் கயிற்றை இறுக்க இடம் மிச்சம் இருக்க வேண்டும். 5 செ.மீ. மட்டும் விட்டால் இரண்டாவது தடவை இறுக்கும்போதே தோல் ஓரம் கம்பியைத் தொட்டுவிடும். ஆக 90க்கு 70 தோலுக்கு உள் அளவு 110க்கு 90.

வாங்க வேண்டியவை

25 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்கொயர் டியூப், 1.6 மி.மீ. கனம், ஒரு முழு நீளம். கடையில் 6 மீட்டராகத்தான் வரும், நமக்குத் தேவை 5.75 மீட்டர். 3 மி.மீ. இரும்புத் தகடு, 15 செ.மீ. சதுரமாக இரண்டு, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணம். அதே தகட்டில் சின்னதாக இரண்டு துண்டு, சட்டத்தைப் பின்னாலிருந்து தாங்கும் பின்காலை மாட்டும் காதுகளுக்கு. 6 மி.மீ. போல்ட் 45 மி.மீ. நீளத்தில் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாஷர், ஒரு விங் நட் (கையாலேயே திருகும் இறக்கை வைத்த நட்டு). டியூப் நுனிகளில் செருக, 21 மி.மீ. சதுரத்தில் செதுக்கிய மரக்கட்டை, 12 செ.மீ. நீளத்தில் நான்கு, பின்காலின் மேல்நுனிக்கு 5 செ.மீ.யில் ஒன்று.

டியூப்பை இப்படி வெட்டுங்கள்: 130 செ.மீ. இரண்டு (நிமிர்ந்த கால்கள்), 90 செ.மீ. இரண்டு (குறுக்குகள்), 135 செ.மீ. ஒன்று (பின்கால்). எல்லாம் சேர்ந்து எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். கழற்றிக் கட்டினால் ஒரே கட்டு.

25 மி.மீ. ஏன்? 110 செ.மீ. பக்கத்தில் 100 கிலோ இழுவை பரவலாக விழுந்தால் இந்த டியூப் நடுவில் ஏறக்குறைய 6 மி.மீ. வளையும். அது பரவாயில்லை. 20 மி.மீ. டியூப்புக்குப் போனால் வளைவு இருமடங்கு. மிச்சமாவது ஒன்றரைக் கிலோதான், அதற்காக அந்த வம்பு வேண்டாம். ரேக் கடையில் கிடைக்கும் துளை போட்ட ஆங்கிளைப் பலர் விரும்புகிறார்கள், துளை தயாராக இருக்கிறதே என்று. வேண்டாம். ஆங்கிள் இழுவையில் முறுக்கிக்கொள்ளும், அதன் விளிம்பு கயிற்றை அறுக்கும். நல்ல கல்மூங்கில் கிடைக்கும் ஊரில் இருந்தால் அது டியூப்புக்குக் குறைந்ததல்ல. ஆனால் போல்ட் துளை போட்டால் நார்வாக்கில் பிளக்கும், கயிற்றால்தான் கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூலை: எல்லாம் இங்கேதான்

சட்டம் கோணிப்போவது கம்பி மெலிவால் அல்ல, மூலையால். மூலைக்கு ஒரு போல்ட் போட்டால், எவ்வளவு முறுக்கினாலும் அது கீல்தான். நாலு கீல் உள்ள செவ்வகம் நிற்காது. தோல் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இழுக்காது. முதுகுப் பக்கம் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெல்லிசு, கால் தோல்கள் மூலையை நோக்கி இழுக்கும். காயக் காய இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போய், காலையில் செவ்வகமாக இருந்தது மாலையில் சாய்ந்த இணைகரமாக நிற்கும். அப்போது ஒரு மூலைவிட்டத்தின் வழியே தோல் சுருக்கம் விழுந்தே காய்ந்திருக்கும். மறுபடி நனைக்காமல் அதைச் சரிசெய்ய வழியில்லை. கனமான டியூப் வாங்கினால் தீரும் என்று நினைப்பது வீண்செலவு.

தீர்வு, மூலைக்கு ஒரு முக்கோணத் தகடு, அதில் குறுக்குக்கு இரண்டு போல்ட்.

தகட்டின் ஒரு பக்கத்தை நிமிர்ந்த காலோடு வெல்டிங் செய்துவிடுங்கள். அது கழற்றவே போவதில்லை. மேல் தகடுகள் காலின் உச்சியில். கீழ்த் தகடுகளின் மூலை தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். நான்கும் சட்டத்தின் முதுகுப் பக்கத்தில், முக்கோணம் உள்நோக்கி இருக்கும்படி. இப்படி வைத்தால் இரண்டு குறுக்குகளுக்கு நடுவே சரியாக 110 செ.மீ. கிடைக்கும். வெல்டிங் பட்டறையில் சொல்லிவிடுங்கள்: ஜி.ஐ. பூச்சை அந்த இடத்தில் அரத்தால் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். துத்தநாகப் புகை நல்லதல்ல, ஒட்டும் சரியாகப் பிடிக்காது. தேய்த்த இடங்களுக்கும் தகடுகளுக்கும் பிறகு துரு தடுக்கும் பெயின்ட் இரண்டு பூச்சு.

குறுக்கின் இரு நுனியிலும் மரக்கட்டையைத் தட்டி இறக்குங்கள். வெற்று டியூப்பில் போல்ட்டை முறுக்கினால் சுவர் உள்ளே குழிந்துவிடும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடிமானம் இல்லை. கட்டை இறங்கிய பிறகு குறுக்கைத் தகட்டின் மேல் வைத்து, நுனி நிமிர்ந்த காலை முட்டும்படி சேர்த்து, கிளாம்ப் போட்டு, தகட்டையும் டியூப்பையும் சேர்த்து ஒரே துளையாகப் போடுங்கள். குறுக்கு நுனியிலிருந்து 2 செ.மீ.யில் ஒன்று, 8.5 செ.மீ.யில் ஒன்று.

தனித்தனியாகத் துளை போட்டால் கடைசியில் சேராது. சேரவில்லையே என்று துளையைப் பெரிதாக்குவார்கள். 6.5 செ.மீ. இடைவெளியில் 1 மி.மீ. ஆட்டம் விட்டால், அதே சாய்வு 110 செ.மீ. உயரத்தில் 17 மி.மீ. வரை போகும். அதனால் 6 மி.மீ. பிட்டிலேயே போடுங்கள், போல்ட் கொஞ்சம் தட்டி இறங்கினால் நல்லதே. சேர்த்துப் போட்ட துளை அந்தந்த மூலைக்கு மட்டுமே பொருந்தும். எனவே கழற்றுவதற்கு முன் தகட்டிலும் குறுக்கிலும் சென்டர் பஞ்ச் என்னும் கூர் உளியால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடித்து வையுங்கள். பெயின்டில் எழுதினால் சுண்ணாம்புத் தண்ணீரில் போய்விடும்.

இன்னொரு துளையும் உண்டு. தகடு இருக்கும் இடத்தில் கயிற்றை டியூப்பைச் சுற்றிக் கட்ட முடியாது. ஆனால் கால் தோல்களைக் கட்ட வேண்டியது அங்கேதான். ஆகவே தகட்டின் இரு நேர்விளிம்பிலிருந்தும் 5.5 செ.மீ. தள்ளி, 10 மி.மீ. துளை ஒன்று. அதன் விளிம்பையும், உள்நோக்கிய சாய்வு விளிம்பையும் விரல் வைத்தால் கீறாத அளவுக்கு அரம் போடுங்கள்.

பூட்டியதும் டேப் வைத்து உள் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டும் 142 செ.மீ. இருக்க வேண்டும். அரை செ.மீ. வித்தியாசம் வந்தால் நட்டுகளைத் தளர்த்தி, நீளமான மூலைவிட்டத்தின் வழியே அமுக்கி, திரும்ப முறுக்குங்கள்.

பின்கால்

மேல் குறுக்கின் நடுவே, பின்புறம், 26 மி.மீ. இடைவெளியில் இரண்டு காதுகளை வெல்டிங் செய்து, 135 செ.மீ. துண்டை ஒற்றை போல்ட்டில் மாட்டுங்கள். இதன் மேல்நுனிக்குள்ளும் கட்டை வேண்டும். இது கீலாக இருக்க வேண்டிய இடம், ஒன்று போதும். பின்காலின் அடியையும் கீழ்க் குறுக்கையும் ஒரு கயிற்றால் இணைத்தால் சறுக்காது. சுவரோ மரமோ எப்போதும் பக்கத்தில் இருக்கும் என்றால் பின்காலே வேண்டாம், ஒன்றரைக் கிலோ மிச்சம்.

கயிறும் துளையும்

4 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். நைலான் ரப்பர் மாதிரி நீளும், இறுக்கியது தங்காது. பருத்தியும் தேங்காய் நாரும் ஈரத்தில் இறுகி, காய்ந்ததும் தளரும்; நமக்குத் தேவை நேர்மாறானது. பக்கத்துக்கு 5 மீட்டராக நாலு, கழுத்து, வால், நாலு கால் ஆகியவற்றுக்கு ஒரு மீட்டராக ஆறு. முழுத் தோலையும் ஒரே கயிற்றில் கோப்பவர்கள் உண்டு. ஒரு துளை கிழிந்தால் அந்தத் தளர்ச்சி சுற்றிலும் ஓடிவிடும். நாலாகப் பிரித்தால் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும்.

தோலின் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, 1 செ.மீ. நீளக் கீறல், 8 செ.மீ.க்கு ஒன்று. நடுத்தரத் தோலுக்கு முப்பத்தைந்து வரை வரும். கீறல் ஓரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். ஓரத்தை நோக்கிக் கீறினால் இழுக்கும்போது அப்படியே வெளியே கிழிந்துகொண்டு போகும்.

கட்டும் வரிசை: கழுத்து, அதற்கு எதிரே வால். பிறகு தோலின் முன்கால்கள் இரண்டும் மேல் மூலைகளுக்கு, தோலின் பின்கால்கள் கீழ் மூலைகளுக்கு. பிறகு பக்கங்கள், இடமும் வலமும் மாறி மாறி. சதைப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். முதல் கட்டு தோல் தொங்காத அளவுக்கு மட்டும். அரை மணி நேரம் விட்டு ஒரு சுற்று இறுக்குங்கள். சதை சுரண்டி முடித்ததும் தோல் மறுபடி தளர்ந்திருக்கும், அப்போது இன்னொரு சுற்று. அதோடு நிறுத்திவிடுங்கள். மீதி இறுக்கத்தைக் காயும்போது தோலே பார்த்துக்கொள்ளும். பாதி காய்ந்த தோலை இறுக்குவதுதான் கீறல்கள் கிழிவதற்கு முதல் காரணம். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீண்டுகொண்டே வரும், வருகிறதே என்று இழுக்காதீர்கள். அந்த இடம் காகிதமாகிவிடும்.

கயிற்றின் கடைசியை ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள். நனைந்து காய்ந்த முடிச்சை நகத்தால் அவிழ்க்க முடியாது.

காயவைக்கும் இடம்

நிழல், காற்று. ஈரத்தோலை உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் சிக்கி அழுகும். பச்சைத் தோல் ஈரமாக இருக்கும்போது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சுருண்டு பசையாகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் இரும்பு டியூப் எவ்வளவு சுடும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோல் ஓரம் அதில் ஒட்டக்கூடாது. கீழே விட்ட 15 செ.மீ. சேறு தெறிக்காமல் இருக்கத்தான். நாய்க்கு அது ஒரு உயரமே இல்லை. இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

*அலுமினியத்தில் செய்யலாமா?* அதே அளவு டியூப் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். 38 மி.மீ. எடுத்தால் சரி. அலுமினியம் துருப்பிடிக்காது என்பது ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்துபவர்களுக்குப் பெரிய லாபம். அந்தத் தோல் ஈரமாக இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை விழும், போகவே போகாது. இரும்புச் சட்டம்தான் இருக்கிறது என்றால் கயிறு தொடும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிடுங்கள்.

*செம்மறித் தோல் கிழிகிறது.* செம்மறித் தோலின் அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு அதிகம், பிடிப்பு குறைவு. கீறலே வேண்டாம். கோலிக்குண்டு அளவு வழவழப்பான கூழாங்கல்லைத் தோல் ஓரத்தில் வைத்து மடித்து, கல்லை மூடிய மடிப்பின் அடியில் கயிற்றை இறுக்கிக் கட்டி அதை இழுங்கள். ஐரோப்பாவில் எழுதுதோல் செய்தவர்கள் இடைக்காலத்திலேயே இப்படித்தான் கட்டினார்கள், ஓட்டையே விழாது. நேரம் இரட்டிப்பாகும். மெல்லிய குட்டித்தோலுக்கும் இதுவே சரி.

*மாட்டுத்தோலுக்கு இதையே பெரிதாக்கலாமா?* முடியாது. நீளம் இருமடங்கானால் அதே இழுவையில் வளைவு எட்டு மடங்கு, மாட்டுத்தோலின் இழுவையோ பல மடங்கு. முதுகுக்கோட்டில் இரண்டாக வெட்டிப் பாதித் தோலாகக் கட்டுங்கள், 50 மி.மீ. டியூப் எடுங்கள், நடுவில் ஒரு குறுக்கு கூடுதலாகப் பின்புறம் கொடுங்கள். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

*விங் நட் கையில் திருக வரவில்லை.* உப்புதான் காரணம். உப்பிட்ட தோலை நன்றாக அலசாமல் கட்டினால் வடியும் தண்ணீர் கீழ் மூலை நட்டுகளைப் பிடித்துவிடும். பூட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஒரு முறை பயன்படுத்தியதும் சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, போல்ட்டுகளைப் பழைய டப்பா ஒன்றில் எண்ணிப் போடுங்கள். ஒன்பது இருக்க வேண்டும்.

தோலை எடுக்கும்போது கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கீறல்களுக்கு உள்பக்கமாகக் கூரான கத்தியால் சுற்றி வெட்டினால் தோல் தட்டையாகக் கையில் வரும். அதைச் சுருட்டலாம், மடிக்கக் கூடாது. மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும். ஓரத்தில் மிஞ்சும் நாடாவைச் சட்டத்திலேயே விட்டுத் தண்ணீர் தெளித்தால் இளகிவிடும், கயிற்றை உருவி அடுத்த தோலுக்கு வைத்துக்கொள்ளலாம்.