தங்க நிறத்துக்கு அடியில் ஒரு கோட் செங்காவி

மும்பை மாட்டுங்காவில் எங்கள் ஹாலுக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதே காலையில் அரை மணி நேரம்தான். அதனால் விளக்கு மாடம் இருக்கும் சுவருக்கு மட்டும் தங்க நிறம் அடித்தோம். நாலு சுவருக்கும் அடித்தால் கல்யாண மண்டபம் ஆகிவிடும், வேண்டாம்.

முதலில் வெள்ளைச் சுவர் மேல் நேராக அடித்தோம். மூன்று கோட் ஆகியும் திட்டுத் திட்டாக வெள்ளை தெரிந்தது. மெட்டாலிக் பெயிண்ட் அடிநிறத்தை முழுசாக மூடாது. அப்புறம் செங்காவி எமல்ஷன் ஒரு கோட் கொடுத்து, நன்றாகக் காய்ந்ததும் மேலே இரண்டு கோட் தங்கம். பாட்டியின் பழைய வளையல் நிறம் அப்படியே வந்துவிட்டது!

பட்டி பூசிச் சுவரைச் சமப்படுத்துவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மினுமினுப்பு ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். டார்ச்சைச் சுவரோரமாகப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழும் இடமெல்லாம் உப்புத்தாள் போட வேண்டிய இடம். ரோலரை எடுத்தால் முழுச் சுவரையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து தொடர்ந்தால் கோடு நிற்கும்.

மும்பை மழையில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, இந்த வேலையே வேண்டாம். வெண்கலப் பொடி கலந்த பெயிண்ட் ஈரக் காற்றில் கறுத்துப்போகும். மைக்கா கலந்தது தாங்கும், டப்பாவைப் படித்து வாங்குங்கள். பல்பு 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம், போதும். பளீர் வெள்ளை எல்இடியில் தங்கம் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது.