விதையைப் பாத்தே ரகம் சொல்லுதவங்க கவனத்துக்கு: அடிக்கடி நடக்குற தப்புகள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல விளையோ (அதாவது தோப்போ) வீட்டுக்குப் பின்னாடி நாலு சென்ட்டோ இல்ல வெறும் மொட்டை மாடியோ இருந்தாப் போதும், விதையை உள்ளங்கையில போட்டு விரலால தள்ளித் தள்ளிப் பாத்துட்டு "இது நல்ல சாதி, இது பொக்கு, இது பொம்பள விதை"ன்னு தீர்ப்பு சொல்ல ஒரு ஆள் வந்துருவாரு. கண்ணால பாத்தா சில விஷயம் தெரியும், தெரியாதுன்னு சொல்லல. விதை நல்லா முத்தியிருக்கா, ஒழுங்கா காஞ்சிருக்கா, பூச்சி அரிச்சிருக்கா, பூஞ்சை புடிச்சிருக்கா, இதெல்லாம் தெரியும். ஆனா என்ன ரகம், ஒட்டா நாட்டா, ஆணா பொண்ணா, காய் எப்பிடி வரும்னு கேட்டா அதுக்கு விதையோட தோல்ல பதிலே கிடையாது. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் முக்காவாசி தப்பு வருது.

முதல்ல பப்பாளி, ஏன்னா இதுலதான் கதை ஜாஸ்தி. கருப்பா குண்டா இருந்தா பெண்ணு, வெளிறி நீளமா இருந்தா ஆணுன்னு ஒருத்தர் சொல்லுவாரு, இன்னொருத்தர் தண்ணியில போட்டுப் பாக்கச் சொல்லுவாரு, நாத்தைப் புடுங்கி வேரு நேரா போனா ஆணு, பிரிஞ்சு போனா பெண்ணுன்னு ஒரு கூட்டம் வீடியோவே போட்டுருக்கு. எதுவும் உண்மை இல்ல. பப்பாளியில ஆணு பெண்ணு முடிவாகுறது குரோமோசோம்ல, விதைக்கு வெளிய அதோட அடையாளம் எதுவும் வராது. அப்புறம் ஏன் இதை இன்னும் நம்புதாங்கன்னா கணக்கு ரொம்ப சிம்பிள், கோ 8 மாதிரி ஆணு தனி பெண்ணு தனின்னு இருக்குற ரகத்துல சராசரியா பாதி ஆணு பாதி பெண்ணு வரும், அப்போ கண்ணை மூடிட்டுச் சொன்னாலும் பாதி வாட்டி சரியாத்தானே இருக்கும், சரியா வந்த மரத்தைக் காட்டி பெருமை பேசுவோம், வராததை வெட்டி குப்பையில போட்டுட்டு மறந்துருவோம்.

அதுக்குப் பதிலா செய்ய வேண்டியது, குழிக்கு ஒரு நாத்து நடாம மூணு நாத்து நடுங்க. மூணும் ஆணாப் போக வாய்ப்பு எட்டுல ஒண்ணுதான். பூ வர்ற வரைக்கும் பொறுத்துக்கிடணும், பூ வந்துட்டா சின்னப்பிள்ளை கூட சொல்லிரும்: ஆணுன்னா நீளமான காம்புல கொத்துக் கொத்தா தொங்கும், பெண்ணுன்னா தண்டை ஒட்டியே அடி பருத்து குட்டிப் பப்பாளி மாதிரியே உக்காந்துருக்கும். அப்போ வேண்டாததை எடுத்துருங்க, 15 முதல் 20 பெண் மரத்துக்கு ஒரு ஆணு விட்டா மகரந்தத்துக்குப் போதும். எல்லாத்தையும் வெட்டிட்டு காய் புடிக்கலன்னு வந்து நிக்கக் கூடாது. இந்த ரோதனையே வேண்டாம்னா கோ 3, கோ 7, ரெட் லேடி மாதிரி ரகம் வாங்குங்க, அதுல பெண் மரமும் இருபால் மரமும்தான் வரும், தனி ஆணு கிடையாது. ஆனா ரெட் லேடி எஃப் ஒன் ஒட்டு, அதாவது ரெண்டு ரகத்தைச் சேத்து எடுத்த முதல் தலைமுறை, கடையில வாங்கித் தின்ன பழத்துல இருந்து எடுத்த விதை பாக்க எவ்வளவு ஜோரா இருந்தாலும் மரம் தாய் மாதிரியே வரும்னு யாரும் கேரண்டி தர முடியாது. இன்னொண்ணு, பழத்துல இருந்து எடுத்த விதை மேல ஒரு வழவழப்பு ஜவ்வு இருக்கும்லா, அது முளைப்பைத் தடுக்கும். சாம்பல் போட்டுத் தேச்சு அதைக் கழட்டி நிழல்ல காயவெச்சுத்தான் போடணும். இதைச் செய்யாம விதை மட்டம்னு சொல்லுதவங்க நிறைய.

அடுத்தது நிறமும் பளபளப்பும். விதைக்கு மேல இருக்குற தோல் இருக்கே, அது தாய்ச்செடியோட உடம்பு, குழந்தையோடது இல்ல. பக்கத்து வீட்டு குண்டு மிளகாய்ல இருந்து தேனீ மகரந்தத்தைக் கொண்டாந்து உங்க காந்தாரி மிளகாய்ல தடவிட்டுப் போயிருந்தாலும் அந்த விதை பாக்க அச்சு அசல் காந்தாரி விதை மாதிரியேதான் இருக்கும், நட்டு காய்ச்சப்புறம்தான் "இது யாரு வீட்டுப் பிள்ளை"ன்னு முழிப்போம். அதனால காந்தாரி விதை கேட்டு வாங்கும்போது விதையைப் பாக்காதீங்க, செடியைப் பாருங்க, பக்கத்துல வேற என்ன மிளகாய் நிக்கிதுன்னு பாருங்க.

பயிரோ ரகமோ வேற வேறயா இருந்தும் விதை ஒண்ணு போல இருக்குறதும் உண்டு. முட்டைகோஸு, காலிஃபிளவர் விதையைக் கலந்து வெச்சா கண்ணால பிரிக்க முடியாது, கடுகையும் கூடச் சேத்துட்டா சொல்லவே வேண்டாம். கீரையிலயும் சிவப்புத் தண்டு, பச்சைத் தண்டு ரெண்டுக்கும் கருகருன்னு மின்னுற விதைதான் பெரும்பாலும். நெல்லுலயும் அப்பிடித்தான், அம்பை 16-ம் நம்ம திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் விட்ட டிபிஎஸ் 5-ம் குட்டையா தடிச்ச நெல்லு, மூட்டையில கை விட்டு அள்ளிப் பாத்து எதுன்னு அடிச்சுச் சொல்லுத ஆளைப் பாத்தா நான் கொஞ்சம் தள்ளியே நிப்பேன்.

பெருசா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறதும் பாதிதான் சரி. ஒரே ரகம், ஒரே அறுவடைக்குள்ள தடிச்ச விதைக்கு தெம்பு ஜாஸ்தி, அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஒரு ரகத்தோட விதையை வேற ரகத்தோட வெச்சு பெருசு சின்னதுன்னு பேசுறதுல அர்த்தமே இல்ல.

தண்ணியில போட்டுப் பாக்குற டெஸ்ட்டை எல்லா விதைக்கும் போடுதாங்க, அதுவும் தப்பு. நெல்லுக்கு அது சரி, அதுலயும் வெறும் தண்ணி பத்தாது, உப்பைக் கரைச்சு நல்ல முட்டையைப் போட்டா பழைய நாலணா அகலத்துக்கு மேல தெரியுற மாதிரி மிதக்கணும், அந்தத் தண்ணியில மிதக்குற நெல்லை அள்ளிக் கொட்டிட்டு, அடியில நிக்கிறதை நல்ல தண்ணியில ரெண்டு மூணு வாட்டி அலசிட்டு நாத்தாங்காலுக்குக் கொண்டு போங்க. அலசலன்னா உப்பே முளைப்பைக் கெடுத்துரும். ஆனா பாவக்கா, பூசணி விதைக்குள்ள காத்து நிக்கிறதால நல்ல விதையே மிதக்கும், மிதந்துச்சுன்னு கொட்டிட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

பயத்தங்கா விதை மட்டும் கண்ணால பாக்கவே வேண்டிய விதை. வெயில்ல புடிச்சு ஒவ்வொண்ணா பாருங்க: மேல வெள்ளையா ஒரு புள்ளி ஒட்டிட்டு இருந்தா அது வண்டோட முட்டை, ஊசி குத்துன மாதிரி இல்லாம கம்பாஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி வட்டமா ஓட்டை இருந்தா உள்ள தின்னு முடிச்சு வண்டு வெளிய போயாச்சு. புள்ளி இருக்குற ஒரு பிடி விதையை நல்ல விதை டப்பாவுல கொட்டுனீங்கன்னா கொஞ்ச நாள்ல மொத்த டப்பாவும் மாவா நிக்கும்.

நம்ம ஊர்ல இன்னொரு தொந்தரவு ஈரம். ஜூன் வாக்குல இடவப்பாதி ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில ஒரு மழைன்னு ரெண்டும் வெளுத்து வாங்குற ஊரு, அதனால போன வருஷம் கல்லு மாதிரி காஞ்சிருந்த விதை கூட காகிதப் பொட்டலத்துல வெச்சா ஈரத்தைக் குடிச்சு மெதுவா செத்துரும், வெளிய அதே நிறம் அதே மினுமினுப்பு. நல்லா காயவெச்சு காத்து போகாத பாட்டில்ல அடைச்சு வைங்க. நாட்டு நெல்லு, பயறுன்னா பல்லுல கடிச்சு டக்குன்னு உடையுதான்னு பாக்குற பழக்கம் நல்லதுதான், ஆனா ரோஸ் கலர்லயோ நீலத்துலயோ சாயம் ஏத்தின விதையை வாயில வெச்சிராதீங்க, அது மருந்து, மிச்சத்தைக் கழுவி கோழிக்குப் போடவும் கூடாது. அந்தக் கலர் இருந்தா உசந்த ரகம்னு நினைக்கிறதும் தப்பு, மருந்து தடவியிருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்.

பாக்கெட்ல இருக்குற காய் படத்தைப் பாத்து வாங்காதீங்க, திருப்பிப் பாருங்க. சோதனை தேதி, எது வரைக்கும் செல்லும்னு போட்டிருக்குற தேதி, முளைப்புச் சதவீதம், இந்த மூணும் இருக்கணும். சான்று பெற்ற விதைன்னா நீல அட்டை, ஆதார விதைன்னா (சான்று விதையை உண்டாக்க எடுக்குற விதை) வெள்ளை அட்டை. சான்று விதையில நெல்லுக்கு குறைஞ்சது 80 சதவீதம் முளைக்கணும், தக்காளி கத்தரிக்கு 70, மிளகாய்க்கு 60 போதும். அதனால பத்து மிளகாய் விதையில நாலு வரலன்னா உடனே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க.

சந்தேகம் வந்தா ஈரத்துணியில 20 விதையை வரிசையா வெச்சு சுருட்டி நிழல்ல வைங்க, துணி காயாம பாத்துக்கிடுங்க. பயறு ஒரு வாரத்துல சொல்லிரும், மிளகாய்க்கு ரெண்டு வாரம் குடுங்க, பப்பாளிக்கு மூணு வாரம் கூட ஆகும்.

கடைசியா தேங்கா. நம்ம ஈத்தாமொழி ஊரு நெட்டைத் தென்னைக்கு புவிசார் குறியீடு கிடைச்சப்புறம் பெரிய தேங்காய் எதைக் கண்டாலும் "இது ஈத்தாமொழி"ன்னு விதைக்கு எடுக்குதாங்க. காயைப் பாத்து தாய் மரத்தைச் சொல்ல முடியாது. விளைக்கே நேரா போய் மரத்தைப் பாத்து, வருஷா வருஷம் ஒழுங்கா காய்க்குதான்னு உடமைக்காரர்கிட்ட கேட்டு எடுங்க, அதுலயும் அஞ்சு மாசத்துக்குள்ள முளைக்காத காயைத் தள்ளிருங்க. கன்னா வாங்குனா ஒம்பது மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள இருக்கணும், கழுத்து தடிச்சு ஆறு எட்டு ஓலை விட்டிருக்கணும். நர்சரியில உசரமா நிக்கிதேன்னு மெலிஞ்ச கன்னைத் தூக்கிட்டு வராதீங்க, நிழல்ல நெருக்கி வெச்சா எந்தக் கன்னும் உசரமாத்தான் வளரும்.